எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு

மாநில அளவிலான ஓட்டப் போட்டியில் நாலாவதாக வருபவளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தனலெட்சுமி மூன்று வருடம் தொடர்ந்து நாலாவதாக வந்தாள். எண்ணூறு மீட்டர். பதினைந்து வயதில், பதினாறில், பதினேழில். முதல் மூன்று பேருக்குப் பதக்கம், பள்ளி ஒன்றுகூடலில் கைதட்டல். நாலாவது ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். கடைசி வருடம் மூன்றாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் இடையே ஒரு கை நீளம்கூட இல்லை. அந்தக் கை நீளத்தை எங்கே விட்டோம் என்று பல நாள் யோசித்தாள். கடைசி வளைவில் இல்லை, அதற்கு முந்தைய நாலு மாதத்தில் மழை என்று சொல்லிப் படுத்துக்கொண்ட காலைகளில் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த முடிவு சரியோ தவறோ, அவளை விட்டுப் போகவே இல்லை.

பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா சந்திரன் குலை வெட்டுகிறவர். அண்ணன் குணாளன் லாரி ஓட்டப் போனான். தனலெட்சுமி பள்ளியில் படிவம் ஆறு வரை முடித்து, ராசா என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு, லுக்குட் போகிற வழியில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் மாணவர் நலப் பிரிவுக் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தாள். விளையாட்டுச் சாமான் அறையின் சாவி அவளிடம் இருந்தது. பந்து, கூம்பு, சட்டை, முதலுதவிப் பெட்டி எல்லாம் அவள் பொறுப்பு. யாரும் கேட்காமலே இரண்டு வருடம் வார இறுதிகளில் கோலாலம்பூருக்குப் போய் உடலுறுதிப் பயிற்சிக்கான சான்றிதழ் ஒன்றை வாங்கினாள். எதற்கு என்று கணவர் கேட்டபோது, “சும்மாதான்” என்றாள்.

கல்லூரியின் காற்பந்துக் குழுவுக்கு சுகுமாறன் பயிற்றுநர். ஒரு காலத்தில் மாநிலக் குழுவில் ஆடியவர். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர். பேச்சில் கெட்டிக்காரர், பையன்கள் அவருக்காக உயிரைக் கொடுப்பார்கள். ஆனால் ஓட்டப் பயிற்சி என்றால் அவருக்கே அலுப்பு. “பந்தக் கத்துக் குடுத்தா போதும், ஓட்டம் தானா வரும்” என்பார்.

அவள் முதலுதவிப் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவள். பொழுது போகாமல் ஒரு வருடம் கோல் விழுந்த நிமிடங்களைக் குறித்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு ஆட்டம். எதிராளி போட்டது பத்தொன்பது கோல். அதில் பதின்மூன்று, எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு விழுந்தவை. தாளை எடுத்துக்கொண்டு சுகுமாறனிடம் போனாள்.

அவர் பார்த்தார். “இது லக்லா தனம்” என்றார்.

“பதிமூணு வாட்டியா சார்?”

“சில சமயம் அப்படித்தான் அமையும்.”

ஓட்டப் பயிற்சியைத் தன்னிடம் விடும்படி மூன்று மாதம் விடாமல் கேட்டாள். கடைசியில் இரண்டு கோல் முன்னணியில் இருந்த ஓர் ஆட்டத்தைக் கடைசிக் கால்மணி நேரத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்ற பிறகு, பேருந்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “செவ்வா, வியாழன் காலையில நீயே எடுத்துக்க. பையனுங்க உன்ன வெறுத்தா என்கிட்ட வந்து சொல்லக் கூடாது.”

வெறுத்தார்கள். காலை ஆறே முக்காலுக்குத் திடலில் நிற்க வேண்டும், இன்னும் சரியாக விடிந்திருக்காது. முதல் வாரம் இரண்டு பேர் தின்றுவிட்டு வந்த நாசி லெமாக் சோற்றை வேலியோரம் வாந்தி எடுத்தார்கள். மலாய்ப் பையன்கள் முணுமுணுத்தார்கள். தமிழ்ப் பையன்கள் அவளுக்குக் கேட்கும்படியே முணுமுணுத்தார்கள். அவள் ராசாவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து, கூம்புகளை வைத்து, விசிலை ஊதி, யார் எத்தனை சுற்று, யார் எப்போது குனிந்து முழங்காலில் கை வைத்தான் என்று எழுதிக்கொண்டே இருந்தாள். வெறும் ஓட்டம் இல்லை. தொடையின் பின்தசைக்கு, கணுக்காலுக்கு, இடுப்புக்கு என்று தனித்தனியாக இருந்தது. யார் எத்தனை மணிக்குத் தூங்கினான் என்றும் கேட்பாள். பொய் சொன்னால் மூன்றாவது சுற்றில் தெரிந்துவிடும்.

நாலு மாதத்தில் மாற்றம் தெரிந்தது. புதிய பருவத்தின் முதல் ஏழு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. அதில் நாலு, கடைசிக் கால்மணி நேரத்தில் அடித்த கோலால் வந்தவை. எதிராளி இடுப்பில் கை வைத்து நிற்கும்போது இவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது. கை கட்டி நிற்கும் சுகுமாறனின் படம். ‘பயிற்றுநரின் புதிய உத்திகள் பலன் தந்தன’ என்று எழுதியிருந்தார்கள். அந்த உத்திகள் என்னவென்று தனலெட்சுமி இரண்டு முறை படித்துப் பார்த்தாள், புரியவில்லை. காலைப் பயிற்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பத்திரிகையை மடித்து, சாமான் அறையில் ஈரக் காலணிகளுக்கு அடியில் விரித்தாள்.

அந்தக் கோல்களில் பாதி திருச்செல்வத்தின் காலிலிருந்து வந்தவை. இடது ஓரத்தில் ஆடுகிறவன், இருபது வயது, தளவாடத் துறையில் டிப்ளோமா. அவனும் பெடாஸ் தோட்டத்துப் பையன்தான். தனலெட்சுமி பிறந்த அதே தோட்டம். அம்மா ராக்கம்மா தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறவள். விளையாட்டுக்காகக் கல்லூரி அவனுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை. பருவம் நடக்கும்போது வெளிக்குழுவுக்கு ஆடக் கூடாது. ஆடினால் சலுகை ரத்து. ஆட்டத் திடலில் அவளை மேடம் என்பான், யாரும் இல்லாத இடத்தில் அக்கா என்பான்.

பிறகு காயங்கள் வரத் தொடங்கின. கேப்டன் மகிந்தன் வெளித் திடல் ஒன்றில், வடிகால் ஓரத்துக் குழியில் கால் வைத்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். நடுத்தள ஆட்டக்காரன் ஒருவன் லுக்குட் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். இருவருக்கு டெங்கிக் காய்ச்சல். இருபது பேராய் இருந்த குழு, லீக் சுற்று முடிந்து அரையிறுதிக்குத் தகுதி பெற்றபோது, ஆடக்கூடியவர்கள் பதின்மூன்று பேராகச் சுருங்கியிருந்தது. அதற்கு மேல் ஒரு மாற்றுக் கோல்காவலன்.

ஆள் குறைந்தால் பளுவையும் குறைக்க வேண்டும் என்பது தனலெட்சுமிக்குத் தெரியும். காலைப் பயிற்சியைப் பாதியாக்கினாள். சுகுமாறனோ இந்த நேரம் பார்த்து நட்புமுறை ஆட்டம் வேண்டும் என்றார்.

“பதிமூணு பேரு சார் இருக்காங்க. இன்னொருத்தனுக்குக் கால் போனா பெஞ்சுல யார உக்கார வைப்பீங்க?”

“டச் போயிரும் தனம்.”

“டச் போனா ஒரு நாள்ல வரும். தசை கிழிஞ்சா ரெண்டு மாசம்.”

ஒரு ஆட்டம் மட்டும் என்று ஆடவைத்தார். அதில் திருச்செல்வத்துக்கு இடது தொடையின் பின்தசை இறுகிவிட்டது. கிழியவில்லை, பிடித்துக்கொண்டிருந்தது. அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அது. அரையிறுதி அடுத்த புதன்.

“அஞ்சு நாள் வேகமா ஓடவே கூடாது. நடக்கலாம், ஹாஸ்டல்ல சைக்கிள் மிதிக்கலாம். புரியுதா?”

“புரியுது மேடம்.”

“நீ படுத்துக் கெடந்தாலே புதன்கிழமைக்கு சரியாயிரும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குடும்ப வாட்சாப் குழுவில் அண்ணன் குணாளன் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். தோட்டத்துக் கிண்ணப் போட்டி. அவன்தான் ஏற்பாட்டுக் குழுச் செயலாளர். ஐந்து வருடம் கழித்துச் சொந்தத் தோட்டத்துக் குழு கிண்ணத்தை எடுத்துவிட்டது. கிண்ணம், மாலை, கோழிப் பிரியாணிப் பொட்டலம், சிவப்புச் சட்டையில் வரிசையாக நிற்கும் பையன்கள். அவள் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். இடமிருந்து மூன்றாவதாக நின்றவன் திருச்செல்வம். சிரித்துக்கொண்டு நின்றான். இடது கை தொடைக்குப் பின்னால் இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ராக்கம்மா மவன வெளையாட வச்சீங்களா?”

“வச்சேன். அவன் போட்ட கோலாலதான் ஜெயிச்சோம். வீடியோ அனுப்பவா?”

“அவனுக்குக் கால் சரியில்லண்ணே. நான் ஓடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்.”

“அதான் ரெண்டாவது பாதி மட்டும்னு சொன்னேன்.”

“ரெண்டாவது பாதி மட்டும்தான் ஆடுனானா?”

பின்னால் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். “செமி ஃபைனல்ல ரெண்டாவது பாதி. ஃபைனல்ல ஆள் பத்தல, முழுசா ஆடுனான். அவனே இறங்குறேன்னான் தனம். நான் என்ன கையப் புடிச்சா இழுத்தேன்?”

“எங்களுக்குப் புதன்கெழம அரையிறுதிண்ணே.”

“அதுக்கு இன்னும் மூணு நாள் இருக்குல்ல” என்றான் குணாளன். நிஜமாகவே மூன்று நாள் போதும் என்று நினைத்துத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டாள். ஏன் என்று கேட்டான். கல்லூரியில் தெரிந்தால் அவனுடைய கட்டணச் சலுகை போய்விடும் என்றாள். உடனே எடுத்துவிட்டான்.

மறுநாள் திடலில் திருச்செல்வம் மற்றவர்களோடு மெதுவோட்டம் ஓடினான். ஒவ்வொரு அடியிலும் இடது காலைக் கொஞ்சம் முன்னதாகவே தரையிலிருந்து எடுத்தான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சாமான் அறைக்குக் கூப்பிட்டாள்.

“நேத்து எங்க இருந்த?”

“வீட்டுல மேடம்.”

“செவப்புச் சட்ட நல்லா இருந்துச்சி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு பந்துப் பையின் கயிற்றை முறுக்கினான். “அக்கா, சாருகிட்ட சொல்லிராதீங்க. ஃபீஸ் போச்சின்னா அம்மாவால முடியாது.”

“அது அப்ப தெரியலயா உனக்கு?”

“குணாண்ணன் வீட்டுக்கே வந்துட்டாருக்கா. ஊரே கூப்புடுது. எப்படி மாட்டேன்னு சொல்ல?” பிறகு மெதுவாக, “ஒரு பத்து நிமிஷந்தான் ஆடலாம்னு நெனச்சேன்” என்றான்.

அவளுக்கு அறைந்துவிடலாம் போல இருந்தது. அவனுடைய வயதில் மழைக் காலைகளில் படுத்துக் கிடந்த தன்னையும் சேர்த்து அறைய வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் சும்மா இருந்தாள். “புதன்கெழம நீ ஆட வேணாம். வலிக்குதுன்னு நீயே சாருகிட்ட சொல்லு” என்றாள்.

அவன் சொல்லவில்லை. அரையிறுதியில் ஆட வேண்டும் என்ற ஆசை வலியைவிடப் பெரிதாக இருந்தது. சுகுமாறன் கேட்டதற்கு நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை அவள் சுகுமாறனைத் திடலுக்கு அழைத்து வந்து, அவர் கண் முன்னால் திருச்செல்வத்தை முப்பது மீட்டர் ஓடவைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். நிறுத்துக்கடிகாரத்தை அவரிடம் காட்டினாள். நாலு புள்ளி ஐந்து வினாடி.

“எப்பவும் நாலு புள்ளி ஒண்ணுல ஓடுறவன் சார்.”

“புள்ளி நாலு. இத ஒரு வித்தியாசம்னு சொல்றியா?”

“அவன் வேகத்துக்கு அது மூணு மீட்டர் சார். மூணு மீட்டர் முன்னாடி எதிராளி பந்துக்குப் போயிருவான். அதுவும் முழுசா ஆடுனா கிழிஞ்சிரும்.”

சுகுமாறன் திடலைப் பார்த்தார். அவருக்கும் பயம் இருந்தது, அவள் அதைப் பார்த்தாள். பதின்மூன்று பேரில் கோல் போடத் தெரிந்தவன் ஒருவன்தான். “டேய் திரு, வலிக்குதா?” என்று கத்தினார்.

“இல்ல கோச்.”

“கேட்டியா?” என்றார் அவளிடம்.

இந்த இடத்தில் அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நூறு நிமிடத்துக்கு மேல் வெயிலில் ஆடியிருக்கிறான் என்று சொன்னால் சுகுமாறன் அவனை இறக்க மாட்டார். ஆனால் சொன்னது அலுவலகம் வரைக்கும் போகும். அவருக்கு ரகசியம் தங்காது. “எழுதி வச்சுக்கிறேன் சார்” என்று மட்டும் சொன்னாள். நோட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதினாள். எழுதி வைப்பதைத் தவிர அன்றைக்கு அவளால் எதுவும் முடியவில்லை.

புதன் மாலை நாலரைக்கு ஆட்டம். நீலாய்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று எதிராளி. வெயில் இறங்கவில்லை, திடல் காய்ந்து கிடந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் திருச்செல்வம் ஒருவனைத் தாண்டிப் பந்தைக் குறுக்கே அடிக்க, இவர்கள் குழு ஒரு கோல் போட்டது. சுகுமாறன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தோராவது நிமிடத்தில் ஒரு நீளப் பந்து ஓரமாக வந்தது. மற்ற நாளாய் இருந்தால் திருச்செல்வம் இரண்டு எட்டில் எடுத்திருப்பான். எதிராளியின் தற்காப்பு ஆட்டக்காரன் முன்னால் இருந்தான். திருச்செல்வம் காலை நீட்டினான். நீட்டிய வேகத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு முகம் குப்புற விழுந்தான்.

அவள் ஐஸ் பையோடு ஓடினாள். “சட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சிக்கா” என்றான். அவள் ஐஸ் பையைத் தொடையில் வைத்து அழுத்தினாள். இரண்டு பேர் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் ஆடிய ஆட்டத்தைத் தனலெட்சுமி பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள். கோல் போட ஆள் இல்லாமல், பெஞ்சில் ஒரே ஒருவனை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டே இருந்தார்கள். அறுபதாவது நிமிடத்தில் எதிராளி சமன் செய்தான். அதற்குப் பிறகும் இவர்கள் கால் ஓயவில்லை. எழுபது தாண்டியது, எண்பது தாண்டியது. ஒருவன்கூட முழங்காலில் கை வைக்கவில்லை. எண்பத்தைந்தாவது நிமிடத்தில் வலது தற்காப்பாளனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. டெங்கியிலிருந்து எழுந்து பத்து நாள்கூட ஆகாதவன். அவன் ஒரு வினாடி நின்றான். அந்த ஒரு வினாடி இடைவெளியில் புகுந்து எதிராளி அடித்த பந்து கோல் கம்பத்தின் உட்பக்கம் பட்டு உள்ளே போனது. கடைசியில் கூட்டிக் கொடுத்த காயநேரத்தில் இவர்கள் அடித்த பந்தும் கம்பத்தில்தான் பட்டது. அது வெளியே வந்தது.

இரண்டுக்கு ஒன்று. பையன்கள் திடலில் அப்படியே உட்கார்ந்தார்கள். சுகுமாறன் தொப்பியைக் கழற்றி, “ஒரு அங்குலம் தனம். ஒரு அங்குலம் இங்கிட்டுப் பட்டிருந்தா” என்றார். அவள் ஈரத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அங்குலம் கம்பத்தில் இல்லை சார் என்று சொல்ல நினைத்தாள். சொல்லி யாருக்கு என்ன.

அடுத்த வாரம் மாணவர் நலப் பிரிவுத் தலைவர் துஷ்யந்தியின் அறையில் கூட்டம். துஷ்யந்தி யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவர், கண்டிப்பானவர், எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். சுகுமாறன் ஒரு பக்க அறிக்கை கொடுத்திருந்தார். அதன் கடைசி வரியை துஷ்யந்தி சத்தமாகப் படித்தார்: காலைப் பயிற்சியின் அளவு அதிகமானதால் ஆட்டக்காரர்கள் களைத்துக் காயமடைந்திருக்கலாம்.

தனலெட்சுமி நோட்டை மேசைமேல் வைத்தாள். சுகுமாறன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கணுக்கால் குழியில கால் வச்சதால போச்சு மேடம். காறை எலும்பு மோட்டார்ல விழுந்ததால. டெங்கிக்கும் காலைப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்?” என்றாள். நோட்டைத் திறந்து ஒவ்வொரு நாளும் கொடுத்த பளுவைக் காட்டினாள். கடைசி இரண்டு வாரம் பாதியாக்கியதைக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை எடுத்த நேரத்தைக் காட்டினாள். “இவன இறக்காதீங்கன்னு நான் சொன்னேன். சாருகிட்டயே கேளுங்க.”

“சொன்னாங்க” என்றார் சுகுமாறன், மேசையைப் பார்த்தபடியே.

துஷ்யந்தி நோட்டை நிதானமாகப் புரட்டினார். “வெள்ளிக்கிழமை இறுக்கம் மட்டும் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அஞ்சு நாள் ஓய்வு குடுத்திருக்கிறீங்கள். ஓய்வெடுத்த பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கூடினது?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த அறையில் அதைக் கேட்கத் தெரிந்தவரும் துஷ்யந்தி ஒருவர்தான். பதில் தனலெட்சுமியின் கைப்பேசியிலேயே இருந்தது. அண்ணன் குழுவிலிருந்து எடுத்துவிட்டாலும் படம் அவள் சேமிப்பில் தங்கிவிட்டது.

“தெரியல மேடம்” என்றாள்.

துஷ்யந்தி நோட்டை மூடினார். “அப்ப உங்கட நோட்டை வச்சு நான் ஒரு முடிவுக்கும் வர ஏலாது” என்றார். காலைப் பயிற்சி மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்பட்டது. அவள் பழையபடி சாவிக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் திரும்பினாள்.

அந்த ஞாயிறு பெடாஸுக்குப் போனாள். அண்ணன் வீட்டில் குளிர்ப்பெட்டியின் மேல் கிண்ணம் பளபளத்தது. அண்ணி நீலாவதி தேநீர் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

“தோத்துட்டீங்களாமே” என்றான் குணாளன்.

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். கூட்டத்தில் சொன்ன பொய்யையும் சொன்னாள். அவன் முகம் வாடியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“உன் காலேஜ்ல அவன் பேரு எத்தன பேருக்குத் தெரியும்? இங்க நானூறு பேரு திரு, திருன்னு கத்துனாங்க. அவங்க அம்மா அழுதுட்டா. அவன் ஆயுசுக்கும் அந்த நாள மறக்க மாட்டான்.”

“கத்துன நானூறு பேருல யாராச்சும் இப்ப அவன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?”

குணாளன் தேநீரைக் கலக்கினான். வெகுநேரம் கலக்கினான்.

“அடுத்த வருசம் தேதிய மாத்துங்கண்ணே. காலேஜ் லீக் முடிஞ்ச பெறகு வைங்க. அது போதும் எனக்கு.”

“நான் மட்டும் முடிவு பண்றதா? கமிட்டி இருக்கு, திருவிழா தேதி இருக்கு. கேட்டுப் பாக்குறேன்” என்றான். கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். பிற்பாடு அந்தத் தேதி மாறத்தான் செய்தது. தோட்ட நிர்வாகம் திடலோரம் வடிகால் வெட்டத் தொடங்கியதால் போட்டி டிசம்பருக்குத் தள்ளிப் போனது. அவள் கேட்டது கிடைத்தது, அவள் கேட்டதால் இல்லை.

காலைப் பயிற்சி நின்ற காரணம் திருச்செல்வத்தின் காதுக்கும் போனது. ஊன்றுகோலோடு சாமான் அறை வாசலில் வந்து நின்றான்.

“நான் போய் உண்மையச் சொல்லிர்றேங்க்கா.”

“சொல்லு. உனக்கு ஃபீஸ் போவும், எனக்கு வியாழக்கெழம பயிற்சி திரும்ப வரும். அப்படி வர்ற வியாழக்கெழம எனக்கு வேணாம்.”

“அப்ப நான் என்னதான் செய்யுறது?”

“உக்காரு. கால நீட்டு.”

அவள் அவனை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு வாரம் அவனுக்குக் கால் பயிற்சி கொடுத்தாள், எட்டு வாரமும் திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். முதலில் படுத்தபடி குதிகாலை இழுப்பது, பிறகு பாலம் போல இடுப்பைத் தூக்குவது, பிறகு நடை. ஆறாவது வாரம் அவன் பந்தைத் தொடலாமா என்று கேட்டபோது, அவள் பார்த்த பார்வையில் அதற்கு மேல் கேட்கவில்லை. தினமும் நேரத்துக்கு வந்தான். சில நாள் அவளுக்கு முன்பே வந்து, கதவருகே உட்கார்ந்திருந்தான். அது அவளுடைய கோபத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை, ஆனால் வேலையை எளிதாக்கியது.

புதிய பருவம் தொடங்கியது. மகிந்தன் திரும்பி வந்துவிட்டான். திருச்செல்வம் மட்டும் இன்னும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். முதல் ஆட்டம் லுக்குட்டில், சொந்தத் திடலில். பையன்கள் அருமையாக ஆடினார்கள். சுகுமாறன் கற்றுக்கொடுத்த சின்னச் சின்னப் பந்துப் பரிமாற்றம் எல்லாம் கண்ணுக்கு அழகாக இருந்தது. இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல். பார்த்தவர்கள் கிண்ணம் இந்த வருடம் இவர்களுக்குத்தான் என்றார்கள்.

அவள் பெஞ்சில் இருந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு மேல் ஓடாத கால்கள். முதலில் மகிந்தன் மூச்சு வாங்கினான். பிறகு இரண்டு ஓரத்து ஆட்டக்காரர்களும் பின்னால் திரும்பி வருவதை நிறுத்தினார்கள். எதிராளி ஒன்று போட்டான், பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. விசில் ஊதியபோது இரண்டுக்கு இரண்டு. பையன்கள் தோற்றவர்கள் மாதிரி நடந்து வந்தார்கள். சுகுமாறன் பெஞ்சுக்கு வரவே இல்லை. திடலின் அந்தப் பக்கமாகவே போய் வண்டியில் ஏறினார்.

சாயங்காலம் அவள் ராசா கடையில் மகளுக்கு ரொட்டி சானாய் கட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது சுகுமாறனிடமிருந்து செய்தி வந்தது. ‘துஷ்யந்தி மேடம்கிட்ட பேசிட்டேன். வியாழன் காலை எடுக்கறியா?’

மன்னிப்பு இல்லை. அறிக்கையில் எழுதியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் கைப்பேசியைப் பையில் போட்டாள். ரொட்டிக்குக் குழம்பு வாங்கினாள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகு பதில் போட்டாள்.

‘செவ்வாயும் வேணும் சார். யாரு ஆடலாம், யாரு ஆடக் கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்தா நீங்க கையெழுத்துப் போடணும்.’

அவர் தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

‘செவ்வாய் சரி. மத்தது நேர்ல பேசுவோம்.’

நேரில் பேசினால் அவர் ஜெயித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் பேச்சு அப்படி. எழுத்தில் தர வேண்டும் என்று தட்டினாள், அழித்தாள், மறுபடியும் தட்டி அனுப்பிவிட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே போய்க் கூம்புகளை வைத்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆறே முக்காலுக்கு இருபத்தொரு பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். மிச்சப் பேர் மழை என்று சொல்லி ஹாஸ்டலில் படுத்திருப்பதாக மகிந்தன் சொன்னான்.

“கூப்புட்டுப் பாக்கவா மேடம்?”

“வேணாம்” என்றாள் தனலெட்சுமி. வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். தாள் நனைந்து மை பரவியது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு விசிலை ஊதினாள்.